மாடித் தோட்டமும் முதல் ஓலையும்

அத்தியாயம் பதினேழு

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் ஜானட் கட்சி, மீதிப்பேர் சிலுவையம்மாள் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து திட்டுவது என்னவோ என்னைத்தான். திட்டுங்கள். இந்த வாரம் அதற்கு இன்னும் நல்ல காரணம் தருகிறேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே சவரிநாதனின் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மனைவி சிலுவையம்மாள். இவர்களின் ஒரே மகன் சாவியோவை மூன்று வருஷத்துக்கு முன் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி அடித்துப் போட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை.

மருமகள் ஜானட்டுக்குப் பெற்றவர்கள் இல்லை. புழலில் இருக்கிற அண்ணன் சாவுக்கு வந்தான், சாப்பிட்டான், 'அப்புறம் பேசலாம்' என்று சொல்லிவிட்டுப் போனான். இன்றுவரை பேசவில்லை. "நீ இங்கியே இரு" என்று சொன்னது சிலுவையம்மாள்தான். ஜானட் இருந்துவிட்டாள். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலைக்குப் போகிறாள்.

அந்த யார்டுக்கு வரும் ரயில் பாதையில் தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருக்கிற எண்ணூர்க்காரர் அருள்பிரகாசத்தைக் கட்டிக்கொள்ள ஜானட் 'சரி' சொல்லிவிட்டாள். இனி மாமியாரிடம் அதைச் சொல்ல வேண்டும். போன வாரம் அங்கேதான் விட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத வேளை.

மொட்டை மாடியில் சிலுவையம்மாள் ஈரத்துணியோடு உட்கார்ந்து கத்திரி இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராயபுரத்தில் செடி வளர்க்கிறவர்கள் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது, இலையையும் துடைக்க வேண்டும். ராத்திரியெல்லாம் ஓடுகிற டிரெய்லர் லாரிகளின் புகையும், காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து ஆலைக் கரியும் இலைமேல் படிந்துவிடும். துடைத்த துணியைப் பிழிந்தால் அடுப்பங்கரைத் துணி போலக் கறுப்புத் தண்ணீர் வரும்.

தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். காசிமேட்டில் மீன் ஏற்றி, உடைந்ததும் தூக்கிப் போடுகிற தெர்மகோல் பெட்டிகள். அவற்றில் மண். கத்திரி, தக்காளி, பசலை, சுவரோரம் ஒரு பரங்கிக் கொடி, பந்தல் கம்பியில் புடலை.

இது யாரும் திட்டம் போட்டு ஆரம்பித்ததல்ல. சாவியோ போன பிறகு இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மாடியில் கிடந்த ஒரு பழைய மீன் பெட்டியில் தக்காளி ஒன்று தானாக முளைத்துக் காய்த்திருந்ததை ஒருநாள் துணி காயப்போட வந்த ஜானட் பார்த்தாள். பறித்து ரசம் வைத்தாள். "ரசத்துல இன்னா போட்டே?" என்று கேட்டு, சிலுவையம்மாள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். மறுநாள் இரண்டு பேரும் மாடிக்கு வந்து அந்தச் செடியைப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாளும் வந்தார்கள். அப்படியே ஒரு தோட்டம் ஆகிவிட்டது.

"ஜானட்டு, இங்க வா. பொண்ணு பூத்துட்டா."

ஜானட் காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு ஓடினாள். பரங்கிக் கொடியில் பெண் பூ ஒன்று விரிந்திருந்தது. அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு. இந்த மாடிக்கு வண்டு ஏது, தேனீ ஏது? ஆண் பூவைக் கிள்ளி வந்து பெண் பூவில் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும்.

"மாப்பிள்ளை எங்க அத்தை?"

"அவனுங்களுக்கு இன்னா கொறச்சல். கொடி பூரா அவனுங்கதான் கீறானுங்க. நல்லவனா ஒருத்தன புட்சி இஸ்துகினு வா."

ஜானட் ஒரு பூவைக் கிள்ளி வந்தாள். சிலுவையம்மாள் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இவன் மூஞ்சியே சரியில்ல" என்று தூக்கிப் போட்டாள். இரண்டாவது பூவுக்குத்தான் அவளுக்கு மனசு வந்தது. இதழ்களை உரித்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகத் தடவினாள்.

"ஆச்சு. ஓலை கெடயாது, மோளம் கெடயாது, பிரியாணி கெடயாது. இந்த மாரி எல்லாருக்கும் கல்யாணம் நடந்தா எவ்ளோ நிம்மதி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மூன்று வருஷத்துக்கு முன் இந்த வாய் சிரிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஜானட் நம்பியிருக்க மாட்டாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று ஜானட் நினைத்தாள். 'அத்தை, எனக்கும் ஒரு கல்யாணம்' என்று ஆரம்பித்தால் போதும். பாக்கி தானாக வந்துவிடும். ஆனால் சிலுவையம்மாள் அதற்குள் காப்பியை எடுத்துக்கொண்டு கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் குந்தி, பக்கத்தில் இடம் விட்டு, "நீயும் குந்து, ஆறிடப் போவுது" என்றாள். ஜானட் உட்கார்ந்தாள். கடல் காற்று வந்தது. காப்பி நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஆறு மாதமாக இதே கதைதான். ஒவ்வொரு காலையும் நன்றாக இருந்துவிடுகிறது. நேற்று தக்காளி சிவந்தது, அதற்கு முந்தின நாள் புடலை பிஞ்சு விட்டது. இந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லையாம். எனக்கு ஜானட்டைப் பிடிக்கும், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அது பாதி பாசம், பாதி பயந்தாங்கொள்ளித்தனம்.

"பூசைக்கு நேரமாவுது, கெளம்பு."

"அத்தை, நான் இன்னிக்கு வரல. எண்ணூர்ல சௌமியா பையனுக்குப் பொறந்த நாள். காலையிலயே வரச் சொன்னா. பூசையை அங்கேயே பாத்துக்கறேன்."

"யாரு, உன் ஆபீஸ் சௌமியாவா? சரி, போ. வெறுங்கையோட போவாத."

எண்ணூருக்குப் போவது உண்மை. பூசை பார்ப்பதும் உண்மை. அன்று சௌமியாவின் பையனுக்குப் பிறந்த நாள் என்பதுதான் பொய்.

கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் கட்டிக்கொள்ளப் போகிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சபையிடம் கேட்கிற வழக்கம் அது. பெண்ணின் பங்கிலும், அதாவது அவள் சேர்ந்த கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளையின் பங்கிலும் வாசிப்பார்கள்.

இது ஜானட்டுக்கும் தெரியும். ஆனால் அருள்பிரகாசத்தின் சித்தி, "ரெண்டாங் கல்யாணத்துக்கு அதெல்லாம் கெடயாது. மாப்பிள்ளை கோயில்ல மட்டும் ஒப்புக்கு வாசிப்பாங்க" என்று அடித்துச் சொன்னாள். ஜானட்டுக்கு அதை நம்ப வேண்டும்போல் இருந்தது. நம்பிவிட்டாள். சித்தி ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குச் சமைத்தவள். சமையலைப் பற்றிச் சொல்லியிருந்தால் நம்பலாம்.

எண்ணூர்க் கோயில் அலுவலகம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ராயபுரத்துக்கும் ஓலையை அனுப்பியது. ராயபுரத்தில் பங்குச் சாமியார் போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். யார் மருமகள், யார் மாமியார் என்று அவருக்கு என்ன தெரியும்?

முதல் பூசை முடிகிற சமயம். சிலுவையம்மாள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் மைக் முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். அன்பியம் என்கிற தெருக்குழுக் கூட்டம் எங்கே, நவநாள் செபம் எப்போது என்று வாசித்துக்கொண்டு போனார். சிலுவையம்மாள் பாதி காதில் கேட்டுக்கொண்டு, மத்தியானம் சங்கரா மீன் வாங்கலாமா வவ்வால் வாங்கலாமா என்று யோசித்தாள்.

"எண்ணூர்ப் பங்கைச் சேர்ந்த திரு. அருள்பிரகாசமும், நமது பங்கைச் சேர்ந்த மறைந்த திரு. சாவியோவின் மனைவி திருமதி ஜானட்டும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இவர்களுக்குத் திருமணத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும். இது முதல் ஓலை."

சாவியோ என்ற பெயர்தான் அவளுக்கு முதலில் காதில் விழுந்தது. மைக்கில் அந்தப் பெயரைக் கடைசியாக அடக்கப் பூசையில் கேட்டது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. இறங்கி முடிப்பதற்குள் முன் பெஞ்சுத் தலைகள் திரும்பிவிட்டன.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகம் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பரிதாபப்படுவதற்குத் தயாராக இருந்த முகங்கள். சிலுவையம்மாளுக்கு அந்த முகங்கள் நன்றாகத் தெரியும், மூன்று வருஷமாக அவற்றைச் சகித்திருக்கிறாள்.

அவள் தலையை ஆட்டினாள். தெரிந்த விஷயத்துக்கு ஆட்டுகிற மாதிரி, நிதானமாக, சின்னதாகச் சிரித்துக்கொண்டு ஆட்டினாள்.

பூசை முடிந்ததும் வாசலில் தங்கபுஷ்பம் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி.

"இன்னா சிலுவ, பக்கத்துலயே கீறேன், என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல."

"ஓலை வாசிச்ச அப்பால சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"யாரு பாத்த எடம்?"

"நாந்தான் பாத்து முடிச்சேன். வேற யாரு பாப்பாங்க? அவளுக்கு ஆத்தாளா கீது?"

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் வந்தபிறகு நன்றாக நின்றது. தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். சுற்றிலும் நாலு பேர் கூடினார்கள். "பெத்த புள்ளய பறிகுடுத்துட்டு மருமவளுக்கு நீயே மாப்பிள்ள பாத்துகீறியே, யாருக்கு வரும் இந்த மன்சு" என்றார்கள். புதுச் சாமியாரிடமும் யாரோ போய்ச் சொல்ல, அவர் வந்து, "உங்களைப் பற்றி அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே சொல்லப் போகிறேன், அம்மா" என்று கைகுவித்தார்.

சிலுவையம்மாள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். மீன் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தாள்.

அதே ஞாயிறு, எண்ணூர்க் கோயிலில் எட்டு மணிப் பூசை. ஜானட் பின்னால் தூண் ஓரம் உட்கார்ந்து தன் ஓலையைத் தானே கேட்டாள். தன் பெயரும் இன்னொருவர் பெயரும் சேர்ந்து ஒலித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். மறைப்பானேன், இந்தப் பெண்ணுக்கு அது நியாயமாக வர வேண்டிய சந்தோஷம். அதை அவள் தூண் ஓரத்தில் ஒளிந்துகொண்டு கேட்டாள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வெளியே அருள்பிரகாசம் ஒரு சின்னப் பையோடு நின்றிருந்தார். உள்ளே டிசம்பர் பூச் செடி, வேரோடும் மண்ணோடும்.

"உங்க அத்தைக்கு. அவங்களுக்குச் செடின்னா உசுருன்னு சொன்னியே. வூட்ல சொல்லிட்டியா?"

"இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிடறேன்."

"ஓலை வாசிச்சாச்சு ஜானட்."

"இங்கதான வாசிச்சாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். "நானும் வரேன், ரெண்டு பேருமா சொல்லிடலாம்" என்றார். ஜானட் வேண்டாம் என்றாள். தானே, மாடியில், தனியாகச் சொல்ல வேண்டும் என்றாள்.

அவள் வீடு திரும்பியபோது பன்னிரண்டு மணி வெயில். சவரிநாதன் வீட்டில் இல்லை. ஞாயிறு என்றால் அவர் டீக்கடைப் பக்கம் கேரம் ஆடப் போய்விடுவார், கோயிலுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். அடுப்பங்கரையில் ரசம் மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாத சமையலா என்று ஜானட் யோசித்துக்கொண்டே மாடி ஏறினாள்.

வெயிலுக்குக் கட்டிய பச்சை வலையின் நிழலில் சிலுவையம்மாள் புடலைப் பிஞ்சின் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்தாள். கல் கட்டினால்தான் புடலை சுருண்டுகொள்ளாமல் நீளமாக இறங்கும். அவள் திரும்பவில்லை.

"வந்துட்டியா. பொறந்த நாளு நல்லா நடந்துதா?"

"நல்லா நடந்துச்சு அத்தை."

"கேக்கு வெட்னாங்களா?"

"வெட்டினாங்க."

"பையனுக்கு இன்னா குட்த்தே?"

"ஒரு... பொம்மை கார்."

"உம்."

கல்லைக் கட்டிவிட்டு நூலை இழுத்துப் பார்த்தாள். முடிச்சு சரியாக இல்லை போலிருக்கிறது. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

ஜானட் பையை நீட்டினாள். "சௌமியா குடுத்தா. டிசம்பர் பூ."

சிலுவையம்மாள் வாங்கினாள். என்னதான் வயிறு எரிந்தாலும் கை பழகின கை. பையைப் பிரித்து, மண்ணோடு செடியைத் தூக்கி, அடியில் விரல் விட்டுப் பார்த்தாள். வெள்ளை வேர் நாலா பக்கமும் ஓடியிருந்தது. நல்ல செடி. அதைப் பார்த்ததும் ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"வேரு நல்லாத்தான் கீது," என்றாள். "மாப்பிள்ள குட்த்து அனுப்ச்சாரா?"

ஜானட் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கோயில்ல ஓலை வாசிச்சாங்க. நம்ம கோயில்ல. முதல் பூசைல."

"அத்தை..."

"இப்பகூட உன்னாண்ட கேட்டேன். கேக்கு, பொம்மை காரு. எங்கயாவது ஒரு எடத்துல நிறுத்துவேன்னு பாத்தேன்."

ஜானட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுட்டது. அவளுக்கு அது உறைக்கவில்லை. "இன்னிக்குச் சாயங்காலம் சொல்றதா இருந்தேன். சத்தியமா" என்றாள். கேட்கவே அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"எப்பத்துலருந்து?"

"ஈஸ்டருக்கு அப்புறம்."

சிலுவையம்மாள் கத்திரிச் செடிகளைப் பார்த்தாள். "ஈஸ்டருக்கு அப்பாலதான் இத்த நட்டோம். அன்னிக்கு உன் மூக்குல மண்ணு ஒட்டிகினு இருந்துது, ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்பவே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"தக்காளிய அணிலு கட்ச்சிட்டு போச்சேன்னு சண்ட போட்டோமே, அன்னிக்கு?"

"அத்தை, வேணாம்."

"காத்தாலருந்து இதே வேலதான் எனக்கு. எந்த சிரிப்பு நெசம், எந்த சிரிப்பு கெய்விய ஏமாத்தறதுக்குன்னு ஒண்ணொண்ணா பொறுக்கிகினு குந்தினு கீறேன்."

"எல்லாமே நெசம்தான். நெசமா இருந்ததாலதான் என்னால சொல்ல முடியல. சொன்னா இது முடிஞ்சிடுமேன்னு பயமா இருந்துச்சு."

"இப்ப முடியலியா?"

கீழே தெருவில் ஒரு குல்பி வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. சிலுவையம்மாள் செடியைப் பையோடு நிழலில் வைத்தாள். தண்ணீர் தெளித்தாள். செடிமேல் அவளுக்கு என்ன கோபம்?

"நா உன்ன கட்டிக்காதன்னா சொல்லிருப்பேன்? உனக்கு இன்னா வயசாவுது? என் புள்ள நெனப்புலயே நீ நரச்சி போவணும்னு நெனச்சவளா நானு? அப்டியா என்ன பாத்தே இத்தினி நாளா?"

"இல்ல அத்தை."

"எல்லாரும் என் மூஞ்சியயே பாத்துகினு கீறாங்க. அவுங்க முன்னால அயுவறதா? நாந்தான் பாத்து முடிச்சேன்னு சொல்லிட்டு வந்துகீறேன்."

ஜானட் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா. நானும் சொன்னேன் பொய்யி. எல்லாரும் என் கைய புட்சிகினு அயுதாங்க. யாருக்கு வரும் இந்த மன்சுன்னாங்க. ஃபாதரு பிரசங்கத்துல சொல்லப் போறாராம். செய்யாத காரியத்துக்கு இவ்ளோ மெச்சிகினா எப்டி கீது தெரியுமா? காறித் துப்பினாகூட தேவல." அவள் குரல் உடைந்தது. "அந்தப் பேர நீ எனக்கு நெசமாவே குட்த்திருக்கலாம். ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும்."

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஜானட் ஆறு மாதமாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, அதனால் வந்துவிட்டது.

சிலுவையம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அதான் என் வயித்தெரிச்சல்," என்றாள். "சொல்லிருப்பேன்னுதான் நெனைக்கறேன். கத்திகூட இருக்கலாம், ரெண்டு நாளு சோறு துண்ணாம கெடந்திருக்கலாம், அப்பால சரின்னிருப்பேன். ஆனா அது வெறும் நெனப்பு. நா நல்லவளா கெட்டவளான்னு எனக்கே இனிமே தெரியாது. அத்த தெரிஞ்சிக்க வுடாம பண்ட்டே நீ."

ஜானட் அழுதாள். அவளை அணைத்துக்கொள்ளச் சிலுவையம்மாளின் கை எழும்பவில்லை. எழும்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். எழும்பவில்லை, நான் என்ன செய்ய?

அந்த நேரத்தில்தான் மாடிப்படியில் சவரிநாதனின் செருப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் வலிக்காரர் மாடிக்கு ஏறுகிறவரில்லை. மூச்சு வாங்க ஏறி வந்து, பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜானட்டைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

"கேரம் போர்டாண்ட எல்லாரும் எனக்கு கை குடுக்கறானுங்க. இன்னாடான்னா, உம் பொண்டாட்டி மருமவளுக்கு மாப்பிள்ள பாத்துட்டாங்கறான். எனக்கு ஒண்ணியும் புரில."

"குந்துய்யா மொதல்ல. மூச்சு வாங்குது உனக்கு."

"குந்தறது கெடக்கட்டும். நா நேரா ஃபாதராண்ட போய்ட்டேன். என் பொண்டாட்டி என்னாண்ட சொல்லாம ஒரு கத்திரிக்காகூட வாங்கமாட்டா. அவ பாத்து முடிச்சான்றது பொய்யி, அவளுக்கே தெரியாம இந்தப் பொண்ணு எங்க தலைல மொளகா அரச்சிட்டு போவப் பாக்குதுன்னு சொல்ட்டேன்."

ஜானட் வாயைப் பொத்திக்கொண்டாள். சிலுவையம்மாள் அசையாமல் நின்றாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர், அவளை முழுசாக நம்பி, அந்த நம்பிக்கையாலேயே அவள் மானத்தை நடுச்சபையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஃபாதரு இன்னா சொன்னாரு?"

"மாமனாரு மாமியாருக்குத் தெரியலன்றது தடை ஆவாதாம். ஆனா ஒரே வூட்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னா எப்டின்றாரு. பங்குல பேச்சாய்டும்ன்றாரு. நாளிக்கு காலைப் பூசைக்கு அப்பால உன்ன வரச் சொன்னாரு. நீயே நேர்ல வந்து, உனக்குத் தெரிஞ்சி நடந்துதா, தெரியாம நடந்துதான்னு சொல்லணுமாம். அதுவரைக்கும் ரெண்டாவது ஓலைய நிறுத்தி வெச்சிகீறாரு."

அவர் கம்பியை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். குரல் இறங்கிவிட்டது.

"என்னாண்ட சொல்லு சிலுவ. நா சொன்னது சரிதான? உனக்குத் தெரியாதுதான?"

தெரியாது என்றால், காலையில் கைபிடித்து அழுதவர்கள் நாளைக்குக் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஜானட் ராயபுரத்தில் தலைகாட்ட முடியாது. தெரியும் என்றால், தன்னை இவ்வளவு நம்பிய மனிதனிடம் தான் மறைத்ததாக ஆகிவிடும். அதையும் சாமியார் முன்னால் சத்தியமாகச் சொல்ல வேண்டும்.

"நாளிக்கு ஃபாதராண்ட சொல்றேன்," என்றாள் சிலுவையம்மாள்.

"என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ என்னாண்ட கேட்டுட்டு அவராண்ட போயிருந்தா, உன்னாண்ட சொல்லிருப்பேன்."

சவரிநாதனுக்கு முகம் செத்துவிட்டது. படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனார். கீழே அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஜானட் எழுந்து சிலுவையம்மாளின் பக்கத்தில் வந்து நின்றாள். தொடப் பயந்து கொஞ்சம் தள்ளித்தான் நின்றாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க அத்தை?"

சிலுவையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசமா நீ என்னாண்ட சொல்லாம இருந்தே. ஒரே ஒரு ராத்திரி நா சொல்லாம இருந்துக்கறேன். எப்டி கீதுன்னு நீயும் கொஞ்சம் பாரு."